துண்டைத் தாண்டும்போது

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதுவது.

நானும் என் இரண்டு முழங்கால்களும் இங்கே சௌக்கியம். நீயும் உன் பையனும் அங்கே எப்படி இருக்கிறீர்கள்?

நவம்பருக்குப் பிறகு உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. போன் செய்தால் உன் பையன்தான் எடுக்கிறான். "அம்மா தூங்கறாங்க மாமா" என்கிறான். காலையில் கூப்பிட்டாலும் தூக்கம், மாலையில் கூப்பிட்டாலும் தூக்கம். எழுபது வயதில் இப்படி விழுந்து கிடந்தால் கால் இரண்டும் உன்னை மறந்துவிடும். வாத்தியார் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

என் குத்துச்சண்டைக் கூடத்துக்கு மாலையில் பையன்கள் வருகிறார்கள். காலையில் முழுக்க உன் வயதுக்காரர்கள்தான், டாக்டர்களே அனுப்பி வைக்கிறார்கள். போன வாரம் ஒரு பல் டாக்டரும் ஓய்வுபெற்ற தபால் அதிகாரியும் ஒரே மணல் மூட்டைக்கு மல்லுக்கு நின்றார்கள். "நான்தான் முதல்ல வந்தேன்" என்றார் பல் டாக்டர். "வந்தா என்ன, மூட்டை உங்க அப்பன் வீட்டுதா" என்றார் தபால். அவ்வளவுதான், கையுறையோடு விட்டார் ஒன்று. தபாலின் மூக்கு உடைந்து பனியன் நனைந்து தரையெல்லாம் ரத்தம். நான் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருக்கிறேன், அந்த மனுஷன் சிரிக்கிறார். "ரிடையர் ஆனதுலேருந்து என்னை யாரும் ஒரு ஆளா மதிச்சு அடிச்சதில்லை வாத்தியாரே" என்கிறார். மறுநாள் முதல் ஆளாக வந்து நின்றார்.

உன்னை யாரையும் அடிக்கச் சொல்லவில்லை. எழுந்து நட, போதும். அந்த மூன்று மாடிப் படியைத் தினம் ஒரு தடவை இறங்கி ஏறு. உடனே பதில் போடு.

உன் திட்டுக்காகக் காத்திருக்கும்,
தம்பி

*

ஜனவரி 30

அன்புள்ள தம்பிக்கு அக்கா எழுதிக்கொள்வது. நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

கண்ணாடி கீழே விழுந்து ஒரு பக்கம் நொறுங்கிவிட்டதால் எழுத்து கோணலாக இருக்கும். உன் கடிதத்தை மகன்தான் படித்துக் காட்டினான். இதையும் அவன்தான் தபாலில் சேர்க்கப் போகிறான்.

அவனுக்கு வேலை போய்விட்டது. வீட்டில்தான் இருக்கிறான். என்னை நன்றாகப் பார்த்துக்கொள்கிறான். அவனுக்குச் சத்தம் ஆகாது, அதனால் நான் அதிகம் நடமாடுவதில்லை. சமையலறையில் இருந்த நாற்காலியும் உடைந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்திருக்கிறேன். எனக்கு ஒரு குறையும் இல்லை. நீ கவலைப்பட வேண்டாம்.

உன் உடம்பைக் கவனித்துக்கொள்.
அக்கா

*

பிப்ரவரி 7

என் கோபக்கார அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். தபால் அதிகாரியின் மூக்கும் சுகம், கொஞ்சம் இடது பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. உன் மூட்டுவலி எப்படி?

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டேன். ஒரு 'எருமை' இல்லை, ஒரு 'தடியன்' இல்லை. 'நம்புகிறேன்' என்று எழுதியிருக்கிறாய். நீ என்னைத் திட்டாமல் எழுதிய முதல் கடிதம் இதுதான். ரத்த ஓட்டம் குறைந்தால் இப்படித்தான் சுரணை போகும். கண்ணாடி உடைகிறது, நாற்காலி உடைகிறது. நீதான் தடுமாறித் தடுமாறி விழுகிறாய், பையனுக்குப் பாரமாகிவிடக் கூடாது என்று மறைக்கிறாய். எனக்கா தெரியாது உன்னை?

விழாமல் இருக்கச் சொல்லித் தருகிறேன். நாற்காலி இல்லாவிட்டால் கட்டில் போதும். விளிம்பில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நில். மெதுவாக உட்கார். பொத்தென்று விழக் கூடாது. இறங்குவதில்தான் தொடைக்கு வேலை. பாத்திரம் கழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் நிறைகிறவரைக்கும் குதிகாலைத் தூக்கி நில்.

பிறகு ஒரு துண்டைச் சுருட்டித் தரையில் குறுக்கே போடு. அதைத் தாண்டு. முட்டி நன்றாக மேலே வரட்டும். முக்கியமானது ஒன்று: தாண்டும்போது கீழே பார்க்காதே. கீழே பார்த்தால் தலை முன்னால் போகும், தலை போன பக்கம் உடம்பும் போகும். எதிர்ச் சுவரைப் பார்.

கடிதப் பெட்டி தரைத்தளத்தில்தானே இருக்கிறது? இனி என் கடிதத்தை நீயே இறங்கி எடு. அதுதான் உனக்கு வீட்டுப்பாடம்.

விடாக்கண்டன்,
தம்பி

*

மார்ச் 3

டேய் தடியா,

சௌக்கியமா என்று கேட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கேட்டாயிற்று.

எனக்கா சுரணை இல்லை? ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஈரப் போர்வை தூக்கித் தூக்கியே என் தோள் ஆம்பளைத் தோளானது உனக்குத் தெரியாதா? ஆபரேஷன் அறையிலிருந்து வருகிற துணியில் ரத்தம் கட்டி கட்டியாக உறைந்திருக்கும். ஒரு நாள் போர்வை மடிப்புக்குள் ஒரு விரலே இருந்தது. எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு அடுத்த போர்வையை உதறியவள் நான். எனக்கு நீ ரத்த ஓட்டம் சொல்லித் தருகிறாய், எருமை.

இந்தக் கடிதம் என் கையாலேயே தபாலுக்குப் போகிறது. அதனால்தான் திட்ட முடிகிறது.

உன் கடிதத்தை நானே எடுத்தேன். மகன் மதியம்வரை தூங்குவான். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து, நடக்கப் பழகுகிற குழந்தை மாதிரி. பெட்டிகளுக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கும் அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டாள். தண்ணீர் கொடுத்தாள். அன்றையிலிருந்து தினம் இறங்குகிறேன். துண்டையும் தாண்டுகிறேன். நீ சொன்னதால் இல்லை, கீழே போய் உட்கார நன்றாக இருக்கிறது, அதனால்.

மகனுக்கு ஏன் வேலை போனது என்று நீ கேட்கவே இல்லை. கிடங்கில் காவலுக்கு நின்றவன். ஒரு லாரி டிரைவர் விடாமல் ஹாரன் அடித்தாராம். இறக்கி, அவர் கையை இரும்புக் கேட்டில் வைத்துச் சாத்திவிட்டான். அவனுக்குச் சத்தம் ஆகாது என்று எழுதினேனே.

ஒரு சந்தேகம் கேட்கிறேன். நடந்து போகும்போது எதிரில் சைக்கிள் வருகிறது என்று வை. விலக வேண்டும் என்று தெரிகிறது, ஆனால் கால் அப்படியே தரையில் ஒட்டிக்கொள்கிறது. அதற்கு வழி இருந்தால் எழுது. எனக்கு எழுது. அவனுக்கு எதுவும் எழுதாதே, போனிலும் சொல்லாதே.

உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.
அக்கா

*

மார்ச் 12

அக்கா, அக்கா,

உன் வசவைக் கேட்டு உடம்பெல்லாம் குளிர்ந்தது. கூடத்தில் உரக்கப் படித்துக் காட்டினேன். விரல் கதையைக் கேட்டுப் பல் டாக்டரே உட்கார்ந்துவிட்டார். நீ சுகமாகத்தான் இருப்பாய், அதனால் கேட்கவில்லை.

சைக்கிளுக்கு வழி இதுதான். தொட்டியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் நகரப் பழகு. போகிற பக்கத்துக் கால் முதலில், மற்றக் கால் அதன் பின்னால். காலைக் குறுக்கே போடாதே, பின்னிக்கொள்ளும். பழகினதும் தொட்டியை விட்டுவிடு. இன்னொன்று, சைக்கிளைப் பார்க்காதே. ஓட்டுகிறவன் முகத்தைப் பார். கால் ஒட்டிக்கொள்வது பயத்தால். முன்கூட்டியே தெரிந்தால் பயம் பாதியாகிவிடும்.

உன் பையனையே, நம்ம புயலையே எடுத்துக்கொள். பதினாறு வயதில் அவனுக்கு அந்தப் பெயரை வைத்து ரிங்கில் ஏற்றியதே நான்தான். அவன் குத்து கனமான குத்து. இருந்தும் ஏன் தோற்றுக்கொண்டே இருந்தான் தெரியுமா? வலது கை கிளம்புவதற்கு முன்னால் அவன் நாக்கு நுனி உதட்டோரம் எட்டிப் பார்க்கும். எதிராளி அதைப் பார்த்ததும் ஒரு எட்டு விலகிவிடுவான். இவனோ உடம்பு மொத்தத்தையும் அந்த ஒரு குத்தில் போட்டிருப்பான், காற்றைக் குத்திவிட்டுக் கயிற்றில் போய்த் தொங்குவான். எவ்வளவோ சொன்னேன், அந்த நாக்கு அடங்கவே இல்லை.

ஒரு விஷயத்தில் உன் பேச்சை மீறிவிட்டேன், கோபித்துக்கொள்ளாதே. புதிதாக வருகிற ஒவ்வொரு வயசாளிக்கும் வீட்டில் ஒருவரை விரட்டுவதற்கு நியமிப்பது என் கூடத்து வழக்கம். தனியாகச் செய்கிறவர்கள் மாதம் திரும்புவதற்குள் விட்டுவிடுவார்கள். அதனால் புயலுக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். நாக்குக் கதையை எழுதவில்லை, ரோஷக்காரன். "உன் அம்மா தினம் படி இறங்குகிறாள், சந்தோஷம். நீதான் அவளை விரட்ட வேண்டும். வலிக்கிறது என்பாள், அழுவாள், விடாதே" என்று மட்டும் எழுதினேன்.

பெருமையோடு,
தம்பி

*

ஏப்ரல் 8

மதிப்பிற்குரிய மாமாவுக்கு, அக்கா மகன் வணக்கத்துடன் எழுதுவது. நீங்கள் நலமா? கூடத்தில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்லவும்.

அம்மா தினமும் கீழே இறங்குவது எனக்குத் தெரியாமல் நடந்திருக்கிறது. உங்கள் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது. ரொம்ப நன்றி மாமா. நீங்கள் எழுதியபடியே விரட்டுகிறேன். "வலிக்குதுடா" என்றால் உங்கள் கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டுவேன். அழுதாலும் விடாதே என்று மாமாவே எழுதியிருக்கிறார் என்று சொல்வேன். அம்மா எழுந்துவிடுவார்கள்.

ஒரு வருத்தமான செய்தி. அம்மா படியில் விழுந்துவிட்டார்கள். வலது விலா எலும்பில் விரிசல் விட்டிருக்கிறது. இடது தாடை கிழிந்து தையல் போட்டிருக்கிறது. கொஞ்ச நாள் பேசவோ எழுதவோ முடியாது. பாதுகாப்புக்காக வெளிக் கதவைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொள்கிறேன். வயசானவங்க, எங்கேயாவது போய்விடுவார்கள்.

நீங்கள் கிளம்பி வந்து சிரமப்பட வேண்டாம். நான் இருக்கிறேன்.

பணிவுடன்,
உங்கள் புயல்

*

ஏப்ரல் 13

தையல் கடை அம்மாவுக்கு: உங்களை எனக்குத் தெரியாது. மூன்றாம் மாடியில் இருப்பவள் என் அக்கா. உள்ளே இருக்கும் தாளை அவளிடம் எப்படியாவது சேர்த்துவிடுங்கள்.

அக்கா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்க வாய் வரவில்லை.

வயதானவர்கள் விழுவதைத் தினம் பார்க்கிறவன் நான். விழுகிறவர்கள் கையை ஊன்றுவார்கள். மணிக்கட்டு போகும், இடுப்பு போகும், முட்டி தேயும். உன் பிள்ளை எழுதியதில் மணிக்கட்டும் இல்லை, முட்டியும் இல்லை. வலது விலாவும் இடது தாடையும் ஒன்றாகப் போவது படியில் இல்லை, ரிங்கில். இடது கையால் விலாவில் ஒன்று, ஆள் மடங்கியதும் வலது கையால் தாடையில் ஒன்று. அந்த வரிசையை அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது என்று உனக்கும் தெரியும்.

கண்ணாடி, நாற்காலி, எந்நேரமும் தூக்கம், எதிரில் வருகிற சைக்கிள். இப்போதுதான் என் மண்டையில் ஏறுகிறது. நீ எழுதாதே என்று எழுதியும் அவனுக்கு எழுதினேனே.

உண்மைதானா, ஒரு வரி எழுது. பையைக் கட்டி வைத்துவிட்டேன். வந்ததும் அவன் இரண்டு கையையும் முறித்துப் போட்டுவிட்டுத்தான் பேச்சு.

தம்பி

*

ஏப்ரல் 26

தம்பி,

நான் உயிரோடு இருக்கிறேன். நீயும் அப்படியே இரு.

உண்மைதான். ஒரு வருஷமாக அடிக்கிறான். முதலில் சாமான்களை அடித்தான், பிறகு சுவரை, பிறகு என்னை. தட்டு வைக்கிற சத்தம், நான் இருமுகிற சத்தம், எதற்கும் அடிதான். அதனால்தான் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். உனக்குச் சொல்ல வெட்கமாக இருந்தது. பெற்ற பிள்ளை அடிக்கிறான் என்று எந்த வாயால் சொல்வது? அவனுக்கு உன் கடிதம் வந்த அன்று என் கழுத்தைப் பிடித்துப் படிக்கட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனான். "இறங்கு, மாமா சொல்லிட்டாரு, இறங்கு" என்றான். இறங்கினேன். "ஏறு" என்றான். ஏற முடியாமல் கைப்பிடியில் சாய்ந்தபோது விழுந்ததுதான் அந்த இரண்டு குத்தும்.

நீ சொல்லிக் கொடுத்ததால்தான் என்று இன்னொரு வரி எழுதினால் அந்தக் கடிதத்தை அடுப்பில் போடுவேன். உன்னிடம் எத்தனை பையன்கள் கற்றுக்கொண்டார்கள், எல்லோருமா பெற்றவளைக் குத்துகிறார்கள்?

நீ வராதே. நீ வந்தால் ஒன்று அவனைக் கொல்வாய், இல்லை அவன் உன்னைக் கொல்வான். எப்படியானாலும் எனக்கு ஒரு ஆள் குறையும். என் மேல் ஆணை, நான் சொல்கிறவரை வரக் கூடாது. தையல்காரம்மா ஒரு தடவை போலீசைக் கூட்டி வந்தாள். "அம்மாவுக்கு வயசாச்சு சார், தடுமாறி விழறாங்க" என்றான். அவன் பக்கத்தில் நிற்கும்போது எனக்கு வாய் திறக்கவில்லை. தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் போன பிறகு நடந்ததை எழுத மாட்டேன். இந்தக் கதவுக்கு வெளியே, அவன் கண்ணில் படாத இடத்தில் நான் நின்றால்தான் எனக்குப் பேச்சு வரும்.

கதவு எந்நேரமும் பூட்டித்தான் இருக்கிறது. கடிதத்தைச் சமையலறை ஜன்னல் வழியாகத் துணிப்பையில் கட்டி இறக்குகிறேன், அவள் எடுத்துக்கொள்கிறாள். என்னைக் காவல் காக்க இப்போது சீக்கிரம் எழுந்துவிடுகிறான். காலையில் மட்டும் கதவைத் திறந்து வைத்துவிட்டுப் படிக்கட்டு முகப்பில் நின்று சிகரெட் பிடிப்பான். அப்போது அவனைத் தாண்டி இறங்கிவிட வேண்டும். போன வாரம் முயற்சி செய்தேன். ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்துக்கொண்டிருந்தால் எங்கே தப்புவது? முதல் திருப்பத்திலேயே தலைமுடியைப் பிடித்துவிட்டான்.

எனக்குக் கால் வேண்டும் தம்பி. அவ்வளவுதான் வேண்டும். போர்வையைக் கிழித்து விலாவைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, அவன் தூங்கும்போது எல்லாவற்றையும் செய்கிறேன். கட்டில், தொட்டி, துண்டு. ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே கத்தி இறங்குகிறது. படி இறங்க மட்டும் நீ இன்னும் சொல்லித் தரவில்லை. உடனே எழுது.

அக்கா

*

மே 4

அக்கா,

உன் ஆணைக்குக் கட்டுப்பட்டு உட்கார்ந்திருக்கிறேன். நலமாக இல்லை. கையுறை இல்லாமல் மணல் மூட்டையைக் குத்தி விரல் முட்டியெல்லாம் கிழிந்தது, பல் டாக்டர்தான் கட்டுப் போட்டார். விஷயம் தெரிந்து கூடமே கிளம்பி வரத் தயாராக நிற்கிறது. தபால் அதிகாரி கையுறையைக் கழற்றாமலே டீ குடிக்கிறார்.

படிக்கு: கைப்பிடியை விடாதே. நோகிற கால் முதலில் இறங்கட்டும், நல்ல கால் மேலே நின்று உடம்பைத் தாங்கட்டும். வீட்டில் படி இல்லையென்றால் தடிமனான பலகை ஒன்று போதும், சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கு, ஏறு. அது பழகியதும் ஒரு படிக்கு ஒரு கால். நெஞ்சு நிமிர்ந்திருக்கட்டும். அவசரப்படாதே, நிற்கவும் நிற்காதே.

அவன் முகத்தைப் பார்.

தம்பி

*

ஜூன் 2

தம்பி,

நான் தையல்காரம்மாவின் கடைக்குப் பின்னால் உள்ள அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். சாப்பிட்டேன். தூங்கினேன். நீ சாப்பிட்டாயா?

வியாழக்கிழமை காலையில் நடந்தது. அவன் கதவைத் திறந்துவிட்டுப் படிக்கட்டு முகப்பில் நின்றான். நான் தொட்டியில் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு, அந்தச் சத்தத்தில் ஒரு பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அவன் சுவரில் சாய்ந்து தீக்குச்சி உரசிக்கொண்டிருந்தான். அவனைக் கடந்து முதல் படிக்கே போய்விட்டேன்.

"எங்க கிளம்பிட்டே?"

"கீழே."

"யாரைக் கேட்டு?"

திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் படி. முன்னால் அவன். என் கால் தரையில் ஒட்டிக்கொள்ளப் பார்த்தது. "உன் மாமாவைக் கேட்டு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது.

சிகரெட்டைக் கீழே போட்டான். அவன் கையைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தேன். உதட்டோரம் நாக்கு வந்தது. நீ சொன்ன அதே நாக்கு. கைப்பிடிப் பக்கத்துக் கால் நகர்ந்தது, மற்றது பின்னால் வந்தது. என் காதை உரசிக்கொண்டு காற்று போனது. அடுத்த நொடி அவன் அங்கே இல்லை. தலைகுப்புறப் போனான். மண்டை கைப்பிடிக் கம்பியில் மோதியது, வலது கை உடம்புக்கு அடியில் மாட்டிக்கொண்டது. கடைசியில் முறிந்தது கால். அந்தச் சத்தத்தைக் கேட்டேன். சத்தம் ஆகாத பிள்ளை எழுப்பிய சத்தம் அந்தக் கட்டடம் முழுக்கக் கேட்டது.

திருப்பத்தில் சுவருக்குச் சுவர் குறுக்கே கிடந்தான். முழங்காலுக்குக் கீழே எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே நின்றது. "அம்மா" என்றான். "அம்மா, கையக் குடும்மா" என்றான். இடது கையை என் சேலையைப் பிடிக்க நீட்டினான். எனக்குப் போக வேறு வழி இல்லை தம்பி. அவனைத் தாண்டித்தான் போக வேண்டும்.

துண்டைத் தாண்டுவது போலக் காலைத் தூக்கினேன். கீழே பார்க்காதே என்று நீ எழுதியிருந்தாய். பார்த்துவிட்டேன். நெற்றி ரத்தம் கண்ணுக்குள் இறங்கியிருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டிருந்தான். வலியில் கடித்தானா, என் காலைப் பிடித்து இழுக்கவா, எனக்குத் தெரியவில்லை. பெற்றவளுக்கே தெரியவில்லை. தாண்டிவிட்டேன்.

மிச்சப் படிகளை ஒரு படிக்கு ஒரு காலாக இறங்கினேன். தையல்காரம்மாவிடம், "முதல்ல ஆம்புலன்ஸ், அப்புறம் போலீஸ்" என்றேன். முக்காலியில் உட்கார்ந்தேன். மாலைவரைக்கும் அழுதேன். அவனுக்காக அழுதேன், என்னைத் திட்டாதே.

இப்போது நீ வரலாம். கையுறை வேண்டாம். எனக்கு இந்தத் தெரு முனைவரை கூட நடக்க ஒரு ஆள் வேண்டும்.

அக்கா

*

ஜூலை 10

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லா இருக்கியா? நான் நல்லா இல்லை. இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

காலில் கம்பி வைத்திருக்கிறார்கள். வலது கை இனிமேல் முழுசாக மூடாது என்கிறார்கள். இங்கே ஒரு பெண் தினம் வந்து எழுந்து நட, எழுந்து நட என்று விரட்டுகிறாள். வலிக்குது என்றால் கேட்பதில்லை. கத்தினால் கூட விடுவதில்லை. நான் முடியாது என்று படுத்துவிட்டேன்.

நீ ஒரு தடவை கூட வரவில்லை. மாமா மட்டும் வந்தார். கட்டில் ஓரம் நின்றார், என் கையைப் பார்த்தார், போய்விட்டார். போலீஸ் கேட்டார்கள். படியில் தடுமாறி விழுந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். உன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நீயும் அப்படியே சொல்லிவிட்டு வீட்டுக்கு வா. நீ வந்தால் நடப்பேன். என்னைப் பார்த்துக்கொள்ள வேறு யார் இருக்கிறார்கள்?

உன் மகன்

*

ஜூலை 21

மகனுக்கு அம்மா எழுதுவது.

என் விலா கூடிவிட்டது. தாடையில் தழும்பு இருக்கிறது. காலையில் உன் மாமாவோடு நடக்கிறேன், அவன்தான் மூச்சு வாங்குகிறான்.

போலீசிடம் நான் தடுமாறி விழுந்ததாகச் சொல்லவில்லை, நீ விழுந்ததாகவும் சொல்லவில்லை. ஒரு வருஷமாக நடந்த எல்லாவற்றையும் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். கிடங்கில் கையை இழந்த டிரைவரும் வந்து சொல்லியிருக்கிறார். நீ ஆஸ்பத்திரியிலிருந்து எங்கே போவாய் என்பதை இனி அவர்கள் சொல்வார்கள். நான் வர மாட்டேன். எழுத வேண்டியிருந்ததால் எழுதினேன்.

ஆனால் நீ நடக்க வேண்டும். நாற்பது வயதில் படுத்துக்கொண்டால் அப்படியே போய்விடும். அந்தப் பெண் விரட்டட்டும், அவளிடம் கத்தாதே. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, கையை ஊன்றாமல் எழுந்து நில். உட்காரும்போது பொத்தென்று விழாதே. வலி வரும், வந்துவிட்டுப் போகும். பிறகு ஒரு துண்டைச் சுருட்டித் தரையில் போடச் சொல்லி அதைத் தாண்டு. முட்டியை நன்றாகத் தூக்கு.

தாண்டும்போது கீழே பார்க்காதே. நான் பார்க்கவில்லை.

அம்மா